ராணுவ சர்ப்ளஸ் கில்ட் வாங்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராணுவ சர்ப்ளஸ் கில்ட் என்றால் எது?

கில்ட் என்பது ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் கட்டும், பின்பக்கம் மடிப்பு வைத்த, பாவாடை மாதிரியான கம்பளி உடை. ராணுவ சர்ப்ளஸ் என்றால், பிரிட்டனிலும் கனடாவிலும் ஸ்காட்டிஷ் படைப்பிரிவுகளுக்கு அரசு செலவில் தைத்துக் கொடுத்து, பிறகு தேவை இல்லை என்று கழித்துவிட்ட கில்ட். சில உடுத்தித் தேய்ந்தவை, சில கிடங்கிலிருந்து மடிப்புக் கலையாமல் வந்தவை. படைப்பிரிவுகளை ஒன்றோடொன்று இணைக்கும்போதெல்லாம் பழைய டார்டன் கட்டத்துணிக்கு வேலை இல்லாமல் போகும். 1961-இல் சீஃபோர்த், கேமரன் படைகள் ஒன்றாயின. 1994-இல் அவற்றோடு கார்டன் ஹைலாண்டர்ஸ் சேர்ந்தது. 2006 மார்ச் 28-இல் மிச்சமிருந்த ஸ்காட்டிஷ் காலாட்படைப் பிரிவுகளில் பெரும்பாலானவற்றை ஒரே குடையின் கீழ் கொண்டுவந்து ராயல் ரெஜிமென்ட் ஆஃப் ஸ்காட்லாண்ட் என்று ஆக்கினார்கள். எல்லாருக்கும் ஒரே டார்டன் என்று ஆனதால் பழைய படைகளின் கில்ட்கள் இனி பெருமளவில் புதிதாக வரப்போவதில்லை, இருப்பதுதான் சுற்றிச் சுற்றி வரும்.

கடையில் புதிதாகவே வாங்கலாமே, இது எதற்கு?

தாராளமாக வாங்கலாம், பணம் இருந்தால். கையால் தைத்த, எட்டு கஜம் கனத்த கம்பளியில் ஆன புதிய கில்ட் ஐந்நூறு பவுண்டைத் தாண்டும். சர்ப்ளஸ் கில்ட் பெரும்பாலும் அதில் கால் பங்குக்குள் வந்துவிடும், துணியோ அதைவிடக் கனமாகக்கூட இருக்கும். கஜத்துக்கு 16 அவுன்ஸ், 18 அவுன்ஸ், அதற்கு மேலும் உண்டு. மழையிலும் சேற்றிலும் அணிவகுப்பு நடத்துகிறவர்களுக்காகத் தைத்தது என்பதால் மடிப்பு லேசில் கலையாது, நடக்கும்போது பின்பக்கம் ஆடும் ஆட்டமே வேறு. என்னைக் கேட்டால், இருநூறு பவுண்டுக்குக் குறைவாகச் செலவழித்து ஒரு நல்ல கம்பளி கில்ட் வேண்டும் என்பவருக்கு இதைவிட நேர்மையான வழி கிடையாது. ஆனால் "ஆர்மி" என்ற சொல்லை மட்டும் நம்பி வாங்கக்கூடாது. அளவையும் லேபிளையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும். கீழே எழுதியிருப்பது எல்லாமே அதைப் பற்றித்தான்.

எந்த டார்டன் எந்தப் படை? பார்த்தவுடன் எப்படிக் கண்டுபிடிப்பது?

இது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ராணுவ டார்டன்களில் பெரும்பாலானவை ஒரே மூலத்திலிருந்து பிறந்தவை. கருநீலம், கறுப்பு, கரும்பச்சை மூன்றும் கலந்த அரசு டார்டன்தான் அது, பிளாக் வாட்ச் படையின் அடையாளம். தூரத்திலிருந்து பார்த்தால் ஏறக்குறைய கறுப்பாகவே தெரியும், பளிச்சென்ற கோடு எதுவும் இருக்காது. அதே கட்டத்தை வெளிர் நீலத்திலும் வெளிர் பச்சையிலும் நெய்தால் ஆர்கைல் அண்ட் சதர்லாண்ட் ஹைலாண்டர்ஸ். இன்றைய ராயல் ரெஜிமென்ட்டின் கில்ட்டும் இந்த வெளிர் வகைதான், அரசு 1ஏ என்று அதைச் சொல்வார்கள். அரசு டார்டனில் ஒரு மஞ்சள் கோடு ஓடினால் கார்டன். வெள்ளைக் கோடும் சிவப்புக் கோடும் ஓடினால் மெக்கன்சி டார்டன், அதாவது சீஃபோர்த். கேமரன் படைக்கு கேமரன் ஆஃப் எராக்ட் என்று தனியாக ஒன்று, சிவப்புக் கோடுகளோடு மஞ்சளும் சேர்ந்து வரும்.

மெக்கன்சி டார்டனுக்குத் தமிழ்நாட்டு மண்ணோடு ஒரு தொடர்பு உண்டு. மெக்லியாட் பிரபு திரட்டிய 73-ஆவது ஹைலாண்ட் (ஸ்காட்லாந்தின் மலைநாடு) படை 1780-இல் சென்னைக்கு வந்து இறங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் காஞ்சிபுரம் பக்கத்துப் புள்ளலூரில் ஹைதர் அலி, திப்பு படைகளிடம் கம்பெனிப் படையின் ஒரு பிரிவு நொறுங்கியபோது, சிறைபிடிக்கப்பட்டவர்களில் இந்தப் படையின் கேப்டன் டேவிட் பெயர்டும் ஒருவர். அவர் ஸ்ரீரங்கப்பட்டணம் சிறையிலிருந்து 1784-இல்தான் வெளியே வந்தார். மெக்கன்சி டார்டன் இந்தப் படையோடு சேர்ந்த ஒன்று. சீஃபோர்த் கில்ட் ஒன்றைக் கையில் எடுக்கும்போது எனக்கு இது நினைவுக்கு வராமல் இருந்ததில்லை.

அப்புறம் சில விதிவிலக்குகள். லண்டன் ஸ்காட்டிஷ் படைக்குக் கட்டமே கிடையாது, ஹாடன் கிரே என்ற பழுப்பு கலந்த சாம்பல் நிறம் மட்டும்தான். கனடாவின் டொரண்டோ ஸ்காட்டிஷ் படைக்கும் அதே. எந்தக் குலத்தின் டார்டனையும் உயர்த்திப் பிடிக்க வேண்டாம், கண்ணுக்கும் எளிதில் படக்கூடாது என்று லண்டன் ஸ்காட்டிஷ் படையைத் தொடங்கிய எல்கோ பிரபு அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தார். சிவப்புப் பின்னணியில் ராயல் ஸ்டூவர்ட் கில்ட் ஒன்று ராணுவ லேபிளோடு கிடைத்தால், அது பேக்பைப் வாசிப்பவருடையதாக இருக்கும். பிளாக் வாட்ச், ஸ்காட்ஸ் கார்ட்ஸ் பைப்பர்கள் அதைத்தான் அணிவார்கள். கட்டமே இல்லாத மஞ்சள் கலந்த பழுப்பு கில்ட் என்றால் ஐரிஷ் படைகளின் பைப்பர்களுடையது, சாஃப்ரன் கில்ட் என்று பெயர். டொரண்டோவில் இருப்பவர்கள் டேவிட்சன் டார்டனைப் பார்த்தால் அது 48-ஆவது ஹைலாண்டர்ஸ்.

லேபிளில் என்ன பார்க்க வேண்டும்?

உள்பக்கம், இடுப்புப் பகுதி லைனிங்கில் வெள்ளைத் துணி லேபிள் ஒன்று தைத்திருக்கும். பொருளின் பெயர், அளவு எண், இடுப்பு, தைத்த கம்பெனி, ஒப்பந்த எண் எல்லாம் அதில் வரும், சிலவற்றில் ஆண்டும் இருக்கும். கடந்த சில பத்தாண்டுகளில் வந்ததாக இருந்தால் நேட்டோ பண்ட எண் என்று பதின்மூன்று இலக்கம் இருக்கும். முதல் நான்கு இலக்கம் 8405 என்றால் ஆண்கள் வெளியுடை வகை. அடுத்த இரண்டும் நாட்டைக் காட்டும், 99 என்றால் பிரிட்டன், 21 என்றால் கனடா. விற்பவர் "பிரிட்டிஷ் ஆர்மி" என்று போட்டிருக்கிறார், லேபிளில் 21 இருக்கிறது என்றால் அவர் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம். கனடா கில்ட் மட்டமானதா என்றால் இல்லவே இல்லை, பல நேரம் நல்ல நிலையில் கிடைப்பதே அவைதான். பிரிட்டிஷ் பொருளில் மேல்நோக்கிய சிறு அம்புக்குறியும் இருக்கலாம், மூன்று கோடு சேர்ந்த கோழிக்கால் மாதிரி. அது அரசு சொத்து என்பதற்கான பழைய முத்திரை.

சிப்பாயின் எண்ணோ பெயரோ மசியில் எழுதியிருந்தால் அதை அழிக்காதீர்கள். துவைத்து நீக்கப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அந்தத் துணியை உடுத்தி நின்ற மனிதரின் ஒரே தடயம் அதுதான்.

லேபிள் இல்லை என்பதாலேயே பொய்யான பொருள் என்று முடிவு கட்ட வேண்டாம். அதிகாரிகள் தங்கள் கில்ட்டைத் தையற்காரரிடம் சொந்தப் பணத்தில் தைத்துக்கொள்வார்கள், அதில் ராணுவ லேபிள் இருக்காது, தையற்காரரின் பெயர்தான் இருக்கும். துணி கொஞ்சம் மெல்லியதாகவும் மிருதுவாகவும் இருக்கும்.

போலி எப்படி இருக்கும்?

இணையத்தில் "ஹெவிவெயிட் மிலிட்டரி கில்ட்" என்று முப்பது பவுண்டுக்கு விற்பவற்றில் பெரும்பகுதி பாகிஸ்தானின் சியால்கோட்டில் அக்ரிலிக் அல்லது பாலிவிஸ்கோஸ் துணியில் தைத்தவை. சியால்கோட்டை நான் குறை சொல்லவில்லை. பேக்பைப்பும் பேண்டு வாத்தியச் சாமான்களும் செய்வதில் அந்த ஊருக்குப் பெரிய பேர் உண்டு. விலை குறைந்த கில்ட் வேண்டும் என்று தெரிந்தே வாங்கினால் சரி. ராணுவத்தில் இருந்தது என்று சொல்லி அதையே நூறு பவுண்டுக்கு விற்றால் அது ஏமாற்று.

கண்டுபிடிக்க மூன்று இடம் பாருங்கள். முதலில் பின்பக்க மடிப்பு. சாதாரண கில்ட்டில் மடித்த பிறகும் டார்டன் கட்டம் முழுசாகத் தெரியும்படி மடிப்பார்கள். ராணுவ கில்ட்டில் ஒவ்வொரு மடிப்பின் நடுவிலும் ஒரே கோடு வரும்படி மடிப்பார்கள். கார்டன் கில்ட்டைப் பின்னாலிருந்து பார்த்தால் மஞ்சள் கோடுகள் வரிசையாக, ஒரு மடிப்புக்கு ஒன்று என்று நேராக இறங்கும். ஒரு வரிசை சிப்பாய்கள் திரும்பி நின்றால் எல்லார் முதுகுப்புறமும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பதற்காக வந்த முறை இது. மலிவுக் கில்ட்டில் மடிப்பு பாட்டுக்கு எங்கேயோ விழும், கோடு ஒரு மடிப்பில் இருக்கும், அடுத்ததில் இருக்காது.

இரண்டாவது கீழ் ஓரம். நல்ல கில்ட்டில் கீழே மடித்துத் தைத்திருக்க மாட்டார்கள். தறியிலிருந்து வந்த கரையே கீழ் ஓரமாக இருக்கும். அதனால்தான் மடிப்பு கத்தி மாதிரி விழுகிறது.

மூன்றாவது நூல். ஏப்ரன், அதாவது மடிப்பில்லாத முன்பக்கம், அதன் ஓரத்துக் குஞ்சத்திலிருந்து ஓர் இழையை உருவி, நெருப்பில் காட்டிப் பாருங்கள். கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம் வரும், மிஞ்சும் கரியை விரலால் நசுக்கினால் பொடியாகும். செயற்கை இழை உருகிச் சுருண்டு கெட்டியான குமிழாக நின்றுவிடும். நேரில் வாங்கும்போது விற்பவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், கம்பளிதான் என்று தெரிந்தவர் மறுக்க மாட்டார்.

எங்கே தேடுவது?

பெரும்பாலானவர்களுக்கு இபேதான் முதல் வழி, மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் தேடும் சொல்லை மாற்றி மாற்றிப் போட வேண்டும். "ஆர்மி கில்ட்" என்று தேடினால் மலிவுச் சரக்குதான் வந்து குவியும். படைப்பிரிவின் பெயரைப் போடுங்கள், 8405 எண்ணைப் போடுங்கள், எழுத்துப் பிழையோடும் போட்டுப் பாருங்கள். தாத்தாவின் அலமாரியைக் காலி செய்கிறவர்களுக்கு அது எந்த டார்டன் என்றே தெரியாது, "பச்சை நீலக் கட்டம் போட்ட பழைய ஸ்கர்ட்" என்றுகூடப் போட்டிருப்பார்கள். முடிந்துபோன ஏலங்களின் விலையைப் பார்க்கும் வசதியும் அங்கே இருக்கிறது, விலை கேட்பதற்கு முன் அதைப் பார்ப்பது நல்லது.

ஸ்காட்லாந்துக்கே போகிறவர்கள் எடின்பரோவில் கிராஸ்மார்க்கெட் பக்கம் இருக்கும் ஆம்ஸ்ட்ராங்ஸ் பழந்துணிக் கடையில் ஏறி இறங்கலாம், கிளாஸ்கோவில் வார இறுதியில் கூடும் பாரஸ் சந்தையிலும் தேடலாம். நேரில் வாங்குவதில் உள்ள லாபம் ஒன்றுதான், ஆனால் பெரிது: உடுத்திப் பார்த்துவிடலாம். நன்கொடையாக வந்த பழைய பொருள்களை விற்கும் சிறு ஊர்களின் தர்மக் கடைகளையும் விட்டுவிடாதீர்கள். பைப் பேண்டு குழுக்கள் சீருடையை மாற்றும்போது பழையதை மொத்தமாக விற்பார்கள், அதில் ராணுவத்திலிருந்து வந்தவையும் கலந்திருக்கும். ஒரு குழுவில் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் போதும், தகவல் தானாக வரும்.

அளவு எப்படி எடுப்பது? ஜீன்ஸ் 34 போடுகிறேன், 34 கில்ட் சரியாக வருமா?

வராது. திருப்பி அனுப்பப்படும் கில்ட்களில் மிகப் பல இந்த ஒரு கேள்வியால்தான் திரும்புகின்றன. ஜீன்ஸ் இடுப்பெலும்புக்குக் கீழே நிற்கும், அதில் எழுதியிருக்கும் எண்ணும் உண்மை அளவு கிடையாது. கில்ட் கட்டுவது தொப்புள் மட்டத்தில். வேட்டியை நாம் எங்கே இறுக்குகிறோமோ அதற்கும் கொஞ்சம் மேலே என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே டேப்பைச் சுற்றினால் ஜீன்ஸ் எண்ணைவிட இரண்டு மூன்று இன்ச் கூடுதலாக வருவது சகஜம். வயிற்றை உள்ளிழுக்காமல் அளவெடுங்கள்.

மூன்று அளவு வேண்டும். தொப்புள் மட்டத்தில் இடுப்பு. பிருஷ்டம் அதிகம் புடைத்திருக்கும் இடத்தில் சுற்றளவு. அப்புறம் இடுப்பு மட்டத்திலிருந்து முழங்கால் சில்லின் நடுவரை நீளம். நீளத்தை நீங்களே குனிந்து எடுக்காதீர்கள், குனிந்தால் அளவு மாறிவிடும், வேறொருவரை எடுக்கச் சொல்லுங்கள். உடுத்திய பிறகு மண்டியிட்டுப் பார்த்தால் கீழ் ஓரம் தரையில் படாமல் ஓர் இன்ச் உயரத்தில் நிற்க வேண்டும்.

ராணுவ கில்ட்டில் இன்னொரு விஷயம், வாரும் பக்கிளும் இருக்கும் மட்டத்துக்கு மேலேயும் இரண்டு இன்ச் அளவுக்குத் துணி ஏறும். விற்பவர் "மொத்த நீளம் 26" என்றால் அதில் இந்த ஏற்றத்தைக் கழித்துத்தான் கணக்குப் போட வேண்டும். கழிக்காமல் வாங்கினால் முழங்காலுக்கு மேல் ஏறி நிற்கும், அதற்கு வைத்தியம் இல்லை.

கடைசியாக ஒரு நிஜம். சிப்பாய்கள் இருபது வயதுப் பிள்ளைகள், கேடட் சிறுவர்களுக்கு வந்தவை அதைவிடச் சின்னது. 28-லிருந்து 34 வரை இடுப்பு தாராளமாகக் கிடைக்கும். 38-க்கு மேல் வேண்டும் என்றால் காத்திருக்கத்தான் வேண்டும், கண்ணில் பட்டால் யோசிக்காமல் எடுத்துவிடுங்கள்.

விற்பவரிடம் என்ன கேட்க வேண்டும்?

லேபிளின் தெளிவான படம். பின்பக்க மடிப்புகளின் படம். கில்ட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து எடுத்த படம், ஏனென்றால் பூச்சி அரித்த ஓட்டை அப்போதுதான் தெரியும். பக்கிள் போட்டுத் தரையில் விரித்து, வார் மட்டத்தில் குறுக்கே டேப் வைத்து எடுத்த படம், அதை இரண்டால் பெருக்கினால் இடுப்பு. மடிப்புத் தையல் முடியும் இடத்திலும் அதேபோல ஒன்று கேளுங்கள், பிருஷ்ட அளவு அதில் தெரியும். "லேபிளில் 32 இருக்கிறது" என்று சொல்லிவிட்டு டேப் வைக்க மறுப்பவரை விட்டுவிடலாம். பக்கிளை முன்பிருந்தவர் நகர்த்தித் தைத்திருந்தால் லேபிள் எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

ஓட்டை, கறை, வாடை இருந்தால் வாங்கலாமா?

மடிப்புக்குள் மறையும் சிறு ஓட்டை என்றால் வாங்கலாம், விலையைக் குறைத்துக் கேளுங்கள். முன்பக்க ஏப்ரனில் ஓட்டை என்றால் எனக்குப் பிடிக்காது, இழை கோத்துச் சரிசெய்ய ஆகும் கூலி கில்ட் விலையைத் தாண்டிவிடும். ஒரே இடத்தில் பல ஓட்டை இருந்தால் அந்துப்பூச்சி இன்னும் உள்ளேயே இருக்கலாம். எப்படியானாலும் பார்சல் வந்ததும் வீட்டிலுள்ள மற்ற கம்பளித் துணிகளோடு சேர்க்காதீர்கள். பிளாஸ்டிக் பையில் காற்றில்லாமல் கட்டி இரண்டு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள், முட்டையும் புழுவும் செத்துவிடும். பிறகு டிரை கிளீனிங்.

பாச்சை உருண்டை வாடையும் கிடங்கு வாடையும் நிழலில் காற்றாடத் தொங்கவிட்டால் சில நாளில் போய்விடும். வாஷிங் மெஷினில் மட்டும் போடவே கூடாது, சுருங்கி மடிப்பெல்லாம் போய் ஒன்றுக்கும் உதவாது.

இடுப்பு கொஞ்சம் பத்தவில்லை. தளர்த்த முடியுமா?

பக்கிளை நகர்த்தி ஓர் இன்ச், அதிகம் போனால் இரண்டு இன்ச் கிடைக்கும். அதற்குமேல் என்றால் மடிப்பு முழுவதையும் பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டும், கில்ட் தைக்கத் தெரிந்தவரால்தான் முடியும். நீளத்தைக் குறைக்கவும் கீழே வெட்டக்கூடாது, மேலே சொன்ன கரை போய்விடும். மேல்பக்கத்திலிருந்துதான் எடுப்பார்கள். பெரியதை வாங்கிச் சிறியதாக்குவது சுலபம், சிறியதைப் பெரியதாக்குவது கஷ்டம்.

நான் ஸ்காட்லாந்துக்காரன் இல்லை, ராணுவத்திலும் இருந்ததில்லை. உடுத்தலாமா?

உடுத்தலாம். அரசு டார்டனை யாரும் உடுத்தலாம் என்பதுதான் அங்குள்ள வழக்கம், சொந்தக் குல டார்டன் இல்லாத ஸ்காட்லாந்துக்காரர்களே அதைத்தான் எடுப்பார்கள். எல்லை எங்கே என்றால், சீருடையில். பிரிட்டனில் 1894-ஆம் ஆண்டின் சீருடைச் சட்டம், படையில் இல்லாதவர் ராணுவச் சீருடையையோ படைப்பிரிவின் அடையாளங்கள் கொண்ட உடையையோ அனுமதியின்றி அணிவதைத் தடுக்கிறது. ஆகவே கில்ட்டோடு சட்டை, ஸ்வெட்டர் போடுங்கள். தொப்பிச் சின்னம், படைப்பிரிவு ஸ்போரன் (கில்ட்டின் முன்னால் தொங்கும் பை), பதக்கம் எதையும் சேர்க்காதீர்கள். சட்டத்தை விடுங்கள், அந்தச் சின்னத்துக்காக மகனைக் கொடுத்த குடும்பம் எதிரே நடந்து வரக்கூடும்.

கில்ட்டை ராணுவம்தான் காப்பாற்றியது என்பதும் தெரிந்திருக்க வேண்டியது. 1746-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஹைலாண்ட் உடையைத் தடை செய்தது, மன்னரின் படையில் இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. 1782-இல் தடை நீங்கும்வரை சட்டப்படி கில்ட் உடுத்தியவர்கள் சிப்பாய்கள்தான்.

முதல் உலகப்போர்க் காலத்து கில்ட் கிடைத்தால்?

உடுத்த வாங்காதீர்கள். அது பாதுகாக்க வேண்டிய பொருள். அந்தக் காலச் சிப்பாய்கள் அகழிகளில் கில்ட்டின் மேல் அதை மறைக்கும் காக்கித் துணி ஒன்றைக் கட்டியிருந்தார்கள். மடிப்புக்குள் பேன் குடியேறும், ஈரச் சேறு ஓரத்தில் உறைந்து முழங்காலின் பின்பக்கத்தை அறுக்கும், அதோடுதான் போரிட்டார்கள். 1940-இல் பிரான்சில் கேமரன் படையினர் உடுத்தியதோடு ஒரு படையே கில்ட்டோடு போர்க்களம் போவது முடிந்தது. அந்தக் காலப் பொருள் என்று விலை ஏற்றிச் சொன்னால் முத்திரை, துணி, பொருத்தும் முறை எல்லாவற்றையும் தெரிந்த சேகரிப்பாளர் ஒருவரிடம் காட்டாமல் பணம் கொடுக்காதீர்கள்.

இந்தியாவுக்கு வரவழைக்கலாமா?

பார்சலில் வரவழைப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பயன்படுத்திய துணிகளின் இறக்குமதி இந்தியாவில் கட்டுப்பாடு உள்ள வகை, ஒற்றை உருப்படியானாலும் சுங்கத்தில் மாட்டினால் அலைச்சல். கனமும் அதிகம், இரண்டு கிலோவை ஒட்டி வரும் என்பதால் தபால் செலவே கில்ட் விலையை நெருங்கிவிடும். லண்டனிலோ டொரண்டோவிலோ உறவுக்காரர் இருந்தால் அவர் முகவரிக்கு வாங்கி, ஊருக்கு வரும்போது பெட்டியில் எடுத்து வரச் சொல்லுங்கள். மடிப்புகளைச் சேர்த்து நீளவாக்கில் சுருட்டி, பழைய காலுறை ஒன்றில் நுழைத்து வைத்தால் வரும்போது கசங்காது. வந்ததும் ஹேங்கரில் இடுப்புப் பக்கத்தைக் கிளிப்பில் மாட்டித் தொங்கவிடுங்கள். நம் ஊர் ஈரப்பதத்துக்கு மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையாவது அலமாரியிலிருந்து எடுத்துக் காற்றாட விட வேண்டும்.